யாரிடமிருந்தும் வராதது

கண்ணைத் திறக்க வேண்டாம் என்றார்கள். எனக்கு அதிலேயே சந்தேகம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்ட பிறகு கண்ணையும் எதற்கு மூடச் சொல்ல வேண்டும்? நான் எதைப் பார்த்துவிடுவேன் என்று பயம்? மூடினாலும் ஒன்றும் ஆகவில்லை, சிவப்பு இமைக்குள்ளேயே வந்துவிட்டது, மருதாணி அரைத்த தண்ணீர் மாதிரி ஒரு சிவப்பு. கால் இரண்டையும் தூக்கிக் கம்பியில் வைத்து, இடுப்புக்குமேல் பச்சைத் துணியைப் போர்த்தி, அந்தத் துணிக்கு அந்தப் பக்கம் விளக்கை வைத்திருக்கிறார்கள். என் உடம்பு துணியோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் இருப்பது இவர்களுடையது. மகள் பிறந்தபோது இப்படிப் படுத்ததுதான், அப்போது வலித்தது, ஆனால் வெட்கம் இல்லை, ஊரே பிள்ளை பெறுகிறது. இது ஊரில் யாருக்கு வந்திருக்கிறது? வந்திருந்தால்தான் சொல்லுவார்களா? மகளிடம்கூட கர்ப்பப்பைச் சோதனை என்றுதான் சொல்லியிருக்கிறேன். காலையில் மருந்தைத் தடவிப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெகுநேரம் ஒரு பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு, இப்போது விளக்கு. மருந்து தோலுக்குள் இறங்கிக் காத்திருக்குமாம், வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொள்ளுமாம், கெட்டுப்போன தோலை மட்டும் தேடிப் பிடித்து அழிக்குமாம். டாக்டர் பானுரேகா சொன்னார். நல்லது எது கெட்டது எது என்று அதற்கு எப்படித் தெரியும் மேடம் என்று கேட்டேன். சிரித்தார். சிரித்தாரே தவிரப் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. இல்லை, சொன்னார், கெட்ட இடத்தில் மருந்து அதிகம் தங்கும் என்றார். களிம்பு போட்டும் அடங்காதவர்களுக்கு இதைச் செய்து பார்க்கிறோம் என்றார். செய்து பார்க்கிறோம். செய்கிறோம் என்று சொல்லவில்லை. அந்தப் 'பார்க்கிறோம்' அன்றிலிருந்து காதுக்குள் நிற்கிறது.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். திருச்சியிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பாதி வாழ்க்கை போய்விட்டது. மனிதர்கள் சொல்வதை நான் கேட்பதில்லை, சொல்லும்போது கை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். டிக்கெட் இல்லாதவன் தூங்குவான். தப்பான டிக்கெட் வைத்திருப்பவன் நாம் கேட்பதற்கு முன்னாலேயே பேச ஆரம்பிப்பான், சாப்பிட்டீங்களா மேடம் என்பான். இவரும் அப்படித்தான் பத்து நாளாகப் பேசுகிறார். இவர் என்றால் என் கணவர், குணசீலன், வேதியியல் வாத்தியார், போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறுவதற்கு முன்னாலும் வீட்டில் ஓய்வாகத்தான் இருந்தார், என்னிடம் பேசுவதிலிருந்து ஓய்வு. எட்டொன்பது வருஷமாக நாங்கள் வேறு வேறு அறை. குழம்பில் உப்பு, கரண்டு பில், மகளுடைய ஃபோன், இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படிப்பட்டவர் இன்று காலை ஆட்டோவில் உட்காரும்போது என் பக்கத்தில் சின்னத் தலையணை ஒன்றைப் போட்டார். மேடு பள்ளத்துல தூக்கிப்போடும் வசு, இது மேல உட்காரு என்றார். வசு! வசுமதி என்பதே அவர் வாயில் வந்து வருஷக்கணக்காகிறது. தில்லை நகர் திருப்பத்தில் இறங்கிப்போய் இளநீர் வாங்கி வந்தார், வழுக்கையைத் தானே சுரண்டிக் கொடுத்தார். அவர் கையைப் பார்த்தேன். ஓட்டில் ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷன் காரணம் இல்லாமல் இப்படி மாறுவானா? மாறுகிறான் என்றால், அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வெதுவெதுப்பாக இருக்கிறது, வெயிலில் காய்ந்த திண்டில் உட்கார்ந்த மாதிரி. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கல்யாண வீட்டு வாசலில் எரியும் விளக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காற்றாடி ஒன்றை அந்தப் பக்கம் ஓடவிட்டிருக்கிறார்கள், கடகடவென்று சத்தம். எரிஞ்சா சொல்லுங்கம்மா என்கிறது சிஸ்டர் ஸ்டெல்லாவின் குரல். எரிவதைப் பற்றி இந்தப் பெண் எனக்குச் சொல்லித் தருகிறாள். முதலில் வந்தது அரிப்புதான். இன்ன நாள் வந்தது என்று கிடையாது, விருந்தாளி மாதிரி வந்து, வீட்டுக்காரன் மாதிரி தங்கிவிட்டது. மாதவிலக்கு நிற்கும் வயது, அதனால்தான் என்று நினைத்தேன். வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், தேங்காயெண்ணெய். டெட்டால் ஊற்றிக் கழுவி ஒரு நாள் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடும் வண்டியில் ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் பெயர் பெயராகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது வரும், கால் விரலை ஷூவுக்குள் மடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு, கீழ் பர்த்து யாருங்க என்று கேட்பேன். தோல் அங்கங்கே வெடித்திருந்ததால் சிறுநீர் போனால் உயிர் போகும், அதனால் தண்ணீரே குடிக்கமாட்டேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெள்ளை. பூண்டுத் தோல் மாதிரி மெல்லிசாக, சுருங்கி, வெள்ளையாக. வெண்குஷ்டம் என்று நினைத்தேன். பிறகு வேறு என்னென்னவோ நினைத்தேன். யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் தெருமுனை லேடி டாக்டரிடம் போனேன், இவரும் கூட வந்தார். அந்தம்மா விளக்கைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. கிருமித் தொற்று என்று ஒரு ட்யூபை எழுதிக் கொடுத்து, ரெண்டு பேருமே போட்டுக்கணும், இல்லன்னா ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு மாறி மாறி வந்துகிட்டே இருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து இவர் செருப்பைக் கழற்றும்போது, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "லைன்ல போறப்ப ராத்திரி எங்க தங்குறீங்க நீங்கள்லாம்?" ரன்னிங் ரூமில் என்றேன், ரயில்வே ஊழியர்கள் தங்குகிற இடம், அவருக்கும் தெரியும். "ஆம்பளைங்களும் அங்கதானா?" வேறு கட்டடம் என்றேன். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில், அப்படியே நின்றார். "அப்புறம் இது யாருகிட்டேயிருந்து வந்திருக்கும்?" அவ்வளவுதான் கேட்டார். கத்தவில்லை, அடிக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்றே பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். நானும் கூப்பிடவில்லை. என்னைத் தொட அருவருப்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு, வேறு எங்கேயோ ஆள் இருக்கிறது, அதனால்தான் திரும்பி வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்ப்பேன். சாக்பீஸ் வாசனைதான் வரும். அதையும் நம்பமாட்டேன்.

ஐயோ. இதோ வந்துவிட்டது. வெதுவெதுப்பு இல்லை இது, செந்தட்டிச் செடி பட்ட இடத்தில் மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி. சிஸ்டர், எரியுது. "தெரியும்மா, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், கொஞ்சம் பொறுங்க," குளிர்ந்த தண்ணீரை எதிலோ வைத்துப் புஸ்ஸென்று அடிக்கிறாள், அந்த ஒரு கணம் சொர்க்கம், மறுபடி நெருப்பு. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். எரியாவிட்டாலும் வேறு ஏதாவது அர்த்தம் சொல்லியிருப்பார்கள். மூச்சை இழுத்து விடு, இழுத்து விடு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள். இவர் குரல். வகுப்பில் பாடம் நடத்திய தொண்டை, மெதுவாகப் பேசினாலும் அடிக்குரல் சுவரைத் தாண்டி வரும். "டெஸ்ட்ல என்ன..." காற்றாடி. டாக்டர் பானுரேகா ஏதோ சொல்கிறார், அவர் குரல் மெல்லிசு, ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி இவர்: "...நிச்சயமா மேடம்?" காற்றாடி. காற்றாடி. பிறகு மழை விட்ட மாதிரி ஒரு இடைவெளியில் சுத்தமாகக் கேட்டது. "அவளுக்குத் தெரிய வேண்டாம் மேடம். தயவுசெஞ்சு."

தெரிய வேண்டாம். சரி. அப்படியென்றால் அதுதான். ஊர் ட்யூபெல்லாம் கேட்காமல் இந்த வருஷம்தான் இந்தத் தோல் டாக்டரிடம் வந்தேன், போன மாதம் அங்கே ஓரமாகக் கொஞ்சம் தடித்திருக்கிறது என்று ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இந்த நோய் உள்ளவர்களில் கொஞ்சம் பேருக்குப் பிற்காலத்தில் புற்றாக மாறலாம், அதனால்தான் பார்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். முடிவு வந்த அன்று நான் மதுரை வண்டியில் இருந்தேன், இவர்தான் போய்க் கேட்டுவந்தார். ஒண்ணும் இல்லையாம் வசு என்றார். ஆமாம், அன்றுதான் முதல் 'வசு'! அதற்கப்புறம்தான் தலையணை, இளநீர் எல்லாம். ஒண்ணும் இல்லை என்றால் எதற்கு வசு? மறு வாரம் டாக்டரும் ஒண்ணும் இல்லை என்றார், ஆனால் அவர் சொல்வதற்கு முன்னால் இவர் முகத்தைப் பார்த்தாரா? பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தாரோ, இல்லை நான் இப்போது சேர்த்துக்கொள்கிறேனோ. எரிகிறது. இந்த விளக்கும் அதற்குத்தானோ, தோலுக்கு என்று சொல்லிப் புற்றுக்கு வைக்கிறார்களோ? ஒரு வாத்தியாரும் ஒரு டாக்டரும் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளையாக்கிவிட்டார்கள். எத்தனை வருஷம் மிச்சம்? மகள் பெங்களூரில், அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் போனால் இவர் என்ன செய்வார்? முன்னறையிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்துவிடுவார். வரட்டும். இல்லை, வரக்கூடாது. அந்தக் கட்டிலை விற்றுவிட வேண்டும். பாவம் என்றுதான் இளநீர். சாகப் போகிறவளுக்கு வழுக்கை. இத்தனை வருஷம் அந்த ஒரு கேள்வியோடு என்னைத் தனியாக விட்டுவிட்டு, இப்போது போகிற நேரத்தில் தலையணை வைக்கிறார். அந்தப் பரிவு எனக்கு வேண்டாம். சிஸ்டர், வெளியில யாரு பேசுறாங்க? "யாரும் இல்லம்மா, டாக்டர் உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டிருந்தாங்க." என்ன பேசினாங்க? "எனக்கு எப்படிம்மா கேக்கும், காத்தாடி ஓடுது." எனக்குக் கேட்டதே. கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற உனக்குக் கேட்கவில்லையா? பொய். இவளும் சேர்த்தி. தண்ணீர் அடி, சிஸ்டர், தண்ணீர் அடி. நான் அழவில்லை, கண்ணாடிக்குள் வியர்க்கிறது.

டக்கென்று சிவப்பு போய்விட்டது. விளக்கை அணைத்துவிட்டார்கள், ஆனால் எரிச்சலை அணைக்கவில்லை, அது தன்பாட்டுக்கு எரிகிறது. கண்ணாடியைக் கழற்றியதும் அறை முழுக்க ஒரே பச்சையாகத் தெரிந்தது, சிஸ்டரின் முகம்கூடப் பச்சை. டாக்டர் உள்ளே வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், காதில் ஒற்றை முத்து. குனிந்து பார்த்தார். நல்லா சிவந்திருக்கு, எதிர்பார்த்த மாதிரிதான், ரெண்டு நாள் எரியும், ஐஸ் ஒத்தடம் குடுங்க, களிம்பை விடாம போடுங்க, இன்னும் ரெண்டு மூணு தடவ வரணும் என்றார். நான் எழுந்து உட்கார்ந்தேன். பச்சைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கேட்டேன்.

"எனக்குப் புத்துநோயா மேடம்?"

"இல்லம்மா. அன்னைக்கே சொன்னேனே."

"மறுபடி சொல்லுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டார். "வசுமதி, உங்களுக்குப் புற்றுநோய் இல்ல. வெட்டி எடுத்த துணுக்குல அதுக்கான அறிகுறியே இல்ல. இது தோல்ல வர்ற அழற்சி. உங்க உடம்பே உங்க தோலைத் தாக்குது. யார்கிட்டேயிருந்தும் வர்றதில்ல, யாருக்கும் போறதில்ல. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதும்."

கையைப் பார்த்தேன். இரண்டு கையும் கோட்டுப் பைக்கு வெளியே, அசையாமல் இருந்தன. உண்மைதான் சொல்கிறார். உடம்பு அப்படியே தளர்ந்தது, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மனசு தளரவில்லை, அது அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது.

"அப்ப அவர் எதை எனக்குத் தெரிய வேண்டாம்னார்?"

இப்போது கை அசைந்தது. காது முத்தைத் தொட்டது. டிக்கெட் இல்லாத கை. "அது அவர் விஷயம்மா. உங்க உடம்பைப் பத்தி எதையும் நான் மறைக்கல. அவர் உடம்பைப் பத்தி நான் சொல்லக்கூடாது. அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

அவர் உடம்பு. சேலையைக் கட்டிக்கொள்ளும்போது மடிப்பு மடிப்பாக யோசித்தேன். அவர் உடம்பில் என்ன? சர்க்கரை உண்டு, அது எனக்குத் தெரியும், நான்தான் மாத்திரை எடுத்து வைக்கிறேன். இங்கே தோல் டாக்டரிடம் என்ன டெஸ்ட்? தோல் டாக்டர்கள் இன்னொன்றுக்கும் பார்ப்பார்கள், வாசல் பலகையிலேயே கீழ் வரியில் போட்டிருக்கிறது, பால்வினை நோய் என்று, முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன். கொசுவத்தைச் செருகின கை அப்படியே நின்றுவிட்டது. டெஸ்ட்ல என்ன. நிச்சயமா மேடம். அவளுக்குத் தெரிய வேண்டாம். இத்தனை வருஷம் நான் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறேன். யாருகிட்டேயிருந்து வந்திருக்கும் என்று அவர் என்னைக் கேட்டது, விடை தெரியாத கேள்வி இல்லை. அவரிடம் ஒரு விடை இருந்திருக்கிறது. அது வெளியே வந்துவிடக்கூடாதே என்று அந்தக் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்.

வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தச் சின்னத் தலையணை. பக்கத்தில் யாரும் இல்லை, மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ரொம்ப வலிக்குதா வசு என்றார். உட்காருங்க என்றேன். நானும் உட்கார்ந்தேன், உட்கார முடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டேன்.

"எங்க வச்சு?" என்றேன்.

"என்ன, எங்க வச்சு?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல. நீங்க கதவுக்கு வெளிய பேசினதுதான் கேட்டுச்சு. எங்க வச்சு? யாரு?"

முகம் முழுக்க வற்றிப்போயிற்று. அறுபது வயது மனிதர், பதினைந்து வயதுப் பையன்களை முழங்காலில் நிற்கவைத்தவர், தலையணையின் ஓரத்து நூலைப் பிய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சேலத்தில், பரீட்சைப் பேப்பர் திருத்தப் போன முகாமில். கூட வந்த வாத்தியார்கள் எங்கேயோ கூட்டிக்கொண்டு போனார்களாம். பெயர்கூடத் தெரியாதாம். "ஒரே ஒரு தடவதான், சத்தியமா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னைக்கு ஒரு நாள்தான் மேடம் என்று சொல்லாத ஆளை நான் இதுவரை பிடித்ததில்லை. அவர் என் சிரிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு வேகமாகப் பேச ஆரம்பித்தார். "அது முடிஞ்சு கொஞ்ச நாள்லயே உனக்கு இது வந்துச்சு. அந்தம்மா ரெண்டு பேரும் மருந்து போடணும்னாங்க. நான்தான் குடுத்துட்டேன்னு நெனச்சேன் வசு. எனக்குள்ள ஒண்ணும் தெரியல, உனக்கு மட்டும் வெடிச்சு வெடிச்சு... உன்ன தொட்டா இன்னும் ஏறிடுமோன்னு பயம். போன மாசம் இந்த டாக்டர்தான் இது ஒட்டுற நோயே இல்லன்னாங்க. அப்பவும் எனக்கு நம்பிக்கை வரல, அதான் எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொன்னேன். உன் ரிசல்ட் வாங்கப் போன அன்னைக்கே ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு, இன்னைக்கும் மறுபடி கேட்டுக்கிட்டேன். என்னால வரல வசு. என்னால வரல." சொல்லும்போதே அவர் முகத்தில் அது ஏறிக்கொண்டு வந்தது, பத்து நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே கனிவு. எனக்குச் சாவு வருகிறது என்ற துக்கம் என்று நான் எடுத்துக்கொண்டது. துக்கம் இல்லை, விடுதலை. இளநீர், தலையணை, வசு, எல்லாம் விடுதலையானவன் கொண்டாடுகிற கொண்டாட்டம்.

என்னால வரல. சரி. வரவில்லை. என்னாலும் வரவில்லை. யாராலும் வரவில்லை. ஆனால் அந்தப் பாய் முன்னறைக்குப் போனது யாரால்? நான் இருந்த சேலையையெல்லாம் வெந்நீரில் அலசி அலசிக் கட்டியது, அடிபட்ட நாய் மாதிரி என் உடம்பையே நான் மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தது, மகள் வந்து மடியில் தலை வைத்தால் எழுந்துபோ என்று தள்ளியது, இதெல்லாம் யாரிடமிருந்து வந்தது? அதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது. இவரைப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனசு எங்கேயும் போகாமல் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றது, எரிகிற இடத்தில். அவர் கை நீண்டு வந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் பெஞ்சில் நின்றது. தொடவில்லை.

"ஏதாவது சொல்லு வசு. திட்டு."

"எனக்கு இப்ப எரியுது" என்றேன். "ரெண்டு நாள் எரியுமாம். அது என் நோய், அதை முதல்ல நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு ஆட்டோ பிடிங்க. வழியில ஐஸ் வாங்கணும்."

எழுந்தார். தலையணையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை வாங்கிக்கொண்டேன், உட்காருவதற்கு எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் படியிறங்கிப் போய் ரோட்டில் கையைக் காட்டினார். முதல் ஆட்டோ நிற்கவில்லை. இரண்டாவது நின்றது.

"மகளுக்கு ஃபோன் போட்டு நான்தான் சொல்லுவேன்," என்றேன் ஏறும்போது. "என்ன நோய்னு, எங்க வந்திருக்குன்னு, எல்லாத்தையும். நாளைக்கு அவளுக்கு இது வந்தா யாருகிட்டேயிருந்து வந்துச்சுன்னு ஒருத்தன் கேப்பான். பதில் தெரிஞ்சிருக்கணும்."

அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்சீட்டு முழுக்க எனக்கு விட்டுவிட்டார். நான் காலை நீட்டிக்கொண்டேன்.